காலி நாற்காலியில் உன் படம்

அன்புள்ள செல்வம் மச்சானுக்கு,

வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு முடிவை உனக்கு முறைப்படி தெரிவிக்கிறேன். நம் கூடுவாஞ்சேரி குடியிருப்போர் சங்கம் இரண்டு மணி நேரம் விவாதித்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உன் படத்தை வைப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தது. மாலை சந்தனமா, மல்லியா என்பதில்தான் கருத்து வேறுபாடு. படம் வைக்க முன்மொழிந்தவன் நான்.

எந்த நாற்காலி தெரியுமா? ஞாயிறுதோறும் ஆண்கள் குழுவில் நீ காலியாகப் போட்டு வைப்பாயே, அது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் முதலில் அதில் உட்கார்ந்து, மனைவி சொன்னதை அவள் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தன் நியாயத்தைப் பேசலாம்.

நாவலூருக்கு வேன் ஓட்டும் தயாளன் முதல் நாள் எகிறினாரே, நினைவிருக்கிறதா? "பொம்பள மாதிரி நான் இன்னாத்துக்கு பேசணும்?"

"பொம்பள மாதிரி வேணாம்பா. உம் பொண்டாட்டி மாதிரி பேசு" என்றாய்.

நாலாவது வாரம் உட்கார்ந்தார். "இந்தாளு வண்டி சத்தம் கேட்டாலே பசங்க டிவிய அணைச்சிட்டு படுத்துக்குதுங்க." சொன்னதை அப்போதுதான் தானே கேட்டவர் போல விழித்தார். அதன்பின் பல மாதம் அவர் வீட்டில் கை ஓங்கவில்லை.

போன ஞாயிறு வந்தார். முகம் சரியில்லை. நேராக அந்த நாற்காலிக்குப் போனார். மாலையைப் பார்த்தார், உன்னைக் கும்பிட்டார், ஓரமாக வேறு இடத்தில் உட்கார்ந்தார்.

"அவதான் சார் ஆரம்பிச்சா. எதுத்து எதுத்து பேசிகினு கீறா."

பதினோரு பேர் தலையாட்டினார்கள். "பொம்பளைங்கன்னாலே பேஜாருதான் அண்ணாத்த" என்றார் சங்கப் பொருளாளர். பிறகு உனக்கு இரண்டு நிமிட மௌனம். நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு மனிதனை மறக்க இதைவிட மரியாதையான வழி உண்டா?

உன் மேலும் கோபம்தான். உள்ளே வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கடா என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "வாய்வுதான்" என்று சோடா குடித்தாய். உன் தங்கை அந்த சோடா பாட்டிலை இன்னும் தூக்கிப் போடவில்லை. ஏன் மச்சான் சொல்லவில்லை?

இந்த ஞாயிறு உன் படம் சுவருக்குப் போகும். தீர்மானம் கிடக்கட்டும். அந்த நாற்காலியில் முதலில் நான் உட்கார்ந்து, உன் தங்கையாகப் பேசுவேன். அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. என்னவென்று எனக்கும் தெரியும்.

தயாளனின் மனைவி அந்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு பிள்ளைகளோடு, இடது கையில் மாவுக்கட்டோடு, புதுப்பட்டினத்தில் இருக்கும் தாய் வீட்டுக்கு பஸ் ஏறினார்.

உன் தங்கையின் கணவன்,
முரளி