ஏழு சார்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே அம்மா, நான், தம்பி சின்னவன் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

போன வாரம் போனில் நான் பேசியதில் பாதிக்கு மேல் நீ "சரி, சரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். அம்மாவுக்கு முட்டி வலி என்றேன், அதற்கும் "ரொம்ப சந்தோஷம்" என்றாய். போனை எந்தக் காதில் வைத்திருந்தாய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். தவிர, சத்தமாகச் சொல்ல வேண்டிய எதையும் நான் ஒழுங்காகச் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும்.

அம்மாவின் முட்டிக்கு மருந்து வாங்கியாகிவிட்டது. நின்றுகொண்டு இஸ்திரி போடுவதைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நேராக மேசை முன்னால் போய் நின்றுவிட்டாள். போலீஸ் சீருடையை மட்டும் இன்னும் வாங்குவதில்லை. யாராவது கொண்டு வந்தால் பெட்டி சூடாகவில்லை என்பாள். பெட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருக்கும்.

என் வேலை பற்றிக் கேட்டிருந்தாய். பகுதி நல அலுவலகத்தில் உதவியாளர் என்று சொன்னேன், என்ன வேலை என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கால்பந்து நடுவர். சிரித்தது போதும், மேலே படி. எங்கள் அலுவலகமும் காவல் நிலையமும் சேர்ந்து, நம் தெருப் பையன்களும் போலீஸ்காரர்களும் ஆடுகிற ஒரு பந்தாட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்தால் ஓடுவதும் துரத்துவதும் குறையுமாம். விசில் ஊத இரு தரப்புக்கும் பொதுவான ஆள் வேண்டும், நீதான் பட்டதாரி ஆச்சே என்று மேலாளர் என்னை அனுப்பிவிட்டார். முதல் பட்டதாரி என்றால் எல்லாம் தெரியும் என்று நம் வீட்டில்தான் நினைப்பார்கள் என்றிருந்தேன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று சின்னவன்தான் சொல்லிக் கொடுத்தான். இஸ்திரிப் பெட்டியைக் கோல்கீப்பராக நிறுத்தி, டம்ளர்களை நகர்த்தி நகர்த்திக் காட்டினான்.

ஆமாம், சின்னவனும் ஆடுகிறான். அம்மா முதலில் விடவில்லை. "ஒரு பிள்ளைய அவங்ககிட்ட குடுத்தது போதும்" என்றாள். நான் அங்கேயே நிற்பேன், கண்ணை எடுக்க மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் விட்டாள்.

முதல் வாரம் பையன்கள் ஒரு பக்கம், போலீஸ்காரர்கள் ஒரு பக்கம். அதைப் பந்தாட்டம் என்று சொல்ல முடியாது. பையன்கள் பந்தைத் தவிர எல்லாவற்றையும் உதைத்தார்கள். ஒருவன் என்னிடமே வந்து, "அக்கா, இதுக்கு கேஸ் கிடையாதுல்ல?" என்று கேட்டுவிட்டுப் போய் இன்னொரு காலை உதைத்தான். அடுத்த வாரமே இன்ஸ்பெக்டர் அம்மா இரண்டு அணியையும் கலந்துவிட்டார். கூடவே ஒரு விதியும் போட்டார். மைதானத்தில் எந்தப் போலீஸ்காரரும் எந்தப் பையனையும் "டேய்" என்று கூப்பிடக் கூடாது.

அதோடு மைதானமே ஊமையாகிவிட்டது, அண்ணா. "டேய்" இல்லாமல் ஒரு வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று போலீஸ்காரர்களுக்குத் தெரியவில்லை. பையன்களுக்கோ "சார்" என்று சொல்ல வாய் வரவில்லை, வேறு எதையும் சொல்லத் துணிவும் இல்லை. பந்தைக் கேட்காமல் எப்படி ஆடுவது? சட்டை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றேன், என் குரலில் அல்ல, சின்னவன் மூலமாக. அதன் பிறகு, "ஏழு சார், கொஞ்சம் இங்க தட்டுங்க சார்" என்று கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் பந்து சாக்கடையில் கிடக்கும்.

இந்த ஏழு சார் யார் என்பதை எழுதத்தான் இத்தனை சுற்று. சட்டைகளில் அளவில் பெரியது ஏழாம் எண்தான். அதற்குள் நுழையக்கூடிய உயரம் அந்த ஸ்டேஷனில் ஒருவருக்குத்தான் உண்டு. பையன்கள் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உன்னை அன்று தெருமுனையில் நிறுத்திய அதே ஆள்.

என்ன நடந்தது என்று நீ எங்களிடம் சொன்னதே இல்லை. அங்கே நின்றவர்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும். தப்பாக இருந்தால் திருத்து. நீ ஆட்டம் முடிந்து கோல்கீப்பர் கையுறையோடு வந்துகொண்டிருந்தாய். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்திருந்த நேரம். "கைக்கு உறை எதுக்குடா?" என்று அவர் கேட்டார். "உனக்கு லத்தி எதுக்குடா?" என்று நீ கேட்டாய். அந்த ஒரு "டா"வுக்குத்தான் அறை. ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் வைத்திருந்து, காலையில் வழக்கு ஏதும் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். இடது காது மட்டும் திரும்பி வரவில்லை. அந்த மாதமே நீயும் போய்விட்டாய். என் பட்டமளிப்புக்குக்கூட வரவில்லை.

அவர் வருகிறார் என்று தெரிந்தும் நான் ஏன் விசிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று நீ கேட்பாய். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு காரணம். அந்த ஆளை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. பார்த்தேன். மூச்சு வாங்க ஓடுகிற, தலை நரைக்கத் தொடங்கிய ஒரு மனிதர். என்னை "மேடம்" என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஆட்டத்தில் அவரும் சின்னவனும் ஒரே அணி. பந்து தங்கள் கோலுக்குப் பக்கத்தில் அவர் காலில் இருந்தது. எதிரே இரண்டு பேர் நெருங்கிவிட்டார்கள். வலது ஓரத்தில் சின்னவன் தனியாக நின்றான். ஆட்ட வேகத்தில் எல்லாம் மறந்து, "டேய் ஒட்டட! இங்க குடுடா!" என்று கத்திவிட்டான்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குரல் வந்த திசைக்குப் பந்தை அடித்தார். அது சின்னவன் காலடியில் போய் விழுந்தது. எதிரே ஆள் இல்லை, கோல் திறந்து கிடந்தது. அப்போது விசில் சத்தம் கேட்டது. ஊதியது நான்தான்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். எதற்கு ஊதினேன் என்று எனக்கே தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. தள்ளுமுள்ளு இல்லை, கையில் படவில்லை, ஆஃப்சைடும் இல்லை. ஒரு சொல்லுக்கு ஊதியிருக்கிறேன். சின்னவன் பந்தை விட்டுவிட்டு நின்றான். அவன் கை தானாகப் போய் இடது காதை மூடியிருந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மா எல்லைக்கோட்டிலிருந்து, என்ன ஃபவுல் என்று கேட்டார். எனக்கு முந்தி ஏழு சார்தான் பதில் சொன்னார். "ஃபவுல் ஒண்ணும் இல்லம்மா. தம்பி பந்து கேட்டுச்சு, குடுத்தேன்" என்றார். பிறகு சின்னவனைப் பார்த்து, கேட்டதுதான் கேட்டாய், கொஞ்சம் முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா என்றார். பையன்கள் சிரித்தார்கள். சின்னவன் மட்டும் சிரிக்கவில்லை, கையை மெதுவாக இறக்கினான். அந்தக் கோல் போனது போனதுதான். என் விசிலால்தான் தன் அணி தோற்றது என்று அவன் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான்.

ஆட்டம் முடிந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். "உங்க அண்ணன் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டார். இருக்கான் என்று கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று பலமுறை யோசித்துவிட்டேன். இல்லை, இருக்காரு என்றுதான் கேட்டார். வெளியூரில் வேலை பார்க்கிறார் என்றேன். "காது?" என்றார். இடது காது கேட்காது என்றேன். குழாயை மூடிவிட்டு, ஈர முகத்தைத் துடைக்காமலே போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்கவில்லை. அதை மறைத்து எழுதினால் நீ என்னை நம்ப மாட்டாய்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் எழுத மாட்டேன். தெருவில் பையன்களை இன்னும் நிறுத்தி விசாரிக்கத்தான் செய்கிறார்கள். போன வாரம் அவரே, சீருடையில், சின்னவனையும் கூட்டாளிகளையும் நிறுத்தினாராம். "டே..." என்று தொடங்கி, விழுங்கிவிட்டு, "எங்க போறீங்க?" என்றாராம். "அவ்ளோ மரியாதையா கேட்டதும் உள்ள தூக்கிப் போட்டுருவாருன்னு நெனச்சேன்க்கா" என்றான் சின்னவன். போகச் சொல்லிவிட்டாராம். இன்ஸ்பெக்டர் அம்மா இப்போது விதியை மாற்றிவிட்டார். கோட்டுக்குள் யாரும் யாரையும் டா போடலாம், கோட்டைத் தாண்டினால் எல்லோருக்கும் "ங்க" உண்டு. பையன்கள் தேவையில்லாமல்கூடக் கோட்டுக்குள் போய் நின்றுகொண்டு அவரை நலம் விசாரிக்கிறார்கள்.

அம்மாவைப் பற்றி ஒன்று. அணிச் சட்டைகளைத் துவைத்து இஸ்திரிக்காகச் சின்னவன் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தான். அம்மா வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தாள். ஏழாம் எண்ணை விரித்து, இவ்வளவு பெரிய சட்டை எந்தப் பையனுக்கு என்று கேட்டாள். சின்னவனுக்குப் பொய் வராது, சொல்லிவிட்டான். அதற்குள் ஒரு கை முடிந்திருந்தது. பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள். அவள் சட்டையைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். எறியவில்லை, போட்டு முடிக்கவும் இல்லை. அப்படியே மடித்து மற்றவற்றோடு வைத்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கை மடிப்புக் கலையாமலும் ஒரு கை கசங்கியும் ஆடினார். யார் வீட்டு இஸ்திரி என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் அம்மா அலமாரி மேலிருந்து உன் கையுறையை எடுத்து வெயிலில் வைத்தாள். தான் போட்டுக்கொள்ளவா என்று சின்னவன் கேட்டதற்கு, "அது அவனோடது" என்றாள். சாயங்காலம் தூசி தட்டி மறுபடி எடுத்து வைத்தாள், இந்த முறை கைக்கு எட்டுகிற தட்டில்.

உனக்கு விடுமுறை வருகிறது என்று தெரியும். அந்தத் தெருமுனையைத் தாண்டி எப்படி வருவது என்று நீ ஒரு முறை கேட்டாய். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் கோலில் இப்போது ஜீப் டிரைவர் நிற்கிறார். பந்தைப் பிடிப்பதில்லை, வயிற்றால் மறிக்கிறார். கோல்கீப்பர் என்றால் முன்னால் நிற்கிறவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்க வேண்டுமாமே, சின்னவன் சொன்னான். முன்னால் நிற்பது ஏழாம் எண்தான்.

நீ அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வா. கோட்டுக்குள் நின்று, அன்றைக்குக் கேட்டதை அவரிடம் மறுபடியும் கேள், எத்தனை "டா" வேண்டுமானாலும் போட்டுக் கேள்.

நான் விசில் ஊத மாட்டேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
தங்கை