வடிவாய்க் கேக்குது

ஒஸ்லோ
15.11.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோவும் அப்பாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று அமெச்சூர் வானொலிக் கழகத்தில் ஒரு பகிடி. அங்கே ஒருவர் பேசினால், அவருடைய குரல் எவ்வளவு தெளிவு, எவ்வளவு பலம் என்று இலக்கத்தில் சொல்ல வேண்டும். "ஐந்து ஒன்பது" என்றால் மிகத் திறம். ஜப்பானிலிருந்து ஒருவருடைய குரல் இரைச்சலுக்குள் முனகலாக வந்தது. மரியாதைக்கு ஐந்து ஒன்பது கொடுத்துவிட்டு, பெயரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பக்கத்திலிருந்த யோகராசா அண்ணை, "வடிவாய்க் கேக்குதெண்டால் பிறகேன் பேரைத் திருப்பிக் கேக்கிறாய்?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அம்மா, போன ஞாயிறு தொலைபேசியில் "கேக்குதோ தம்பி?" என்றீர்கள். "ஓம், வடிவாய்க் கேக்குது" என்றேன். கேட்கவில்லை. "அப்பா" என்ற சொல் மட்டும் வந்தது. மற்றதற்கெல்லாம் சும்மா ஓம் போட்டேன். கடைசியில் "அப்ப நீ சொன்னபடியே செய்யிறம்" என்றீர்களே, அதுதான் தெளிவாக விழுந்தது. பிறகு எத்தனை தரம் எடுத்தும் லைன் கிடைக்கவில்லை.

இதைக் கொண்டுவரும் மயூரா இங்கே திரும்பும்போது அவவிடம் கொஞ்சம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். இங்கே குறொன்லாண்ட் பக்கக் கடைகளில் வாங்குவது உறைக்கவே இல்லை. தூளோடு ஒரு துண்டில் எழுதியும் விடுங்கள்: நான் எதற்கு ஓம் சொன்னேன்?

மயூரா கீழே நிற்கிறா. இறங்குகிறேன்.

உங்கள் மகன்
சயூரன்