என் பங்குக் காற்று

மார்ச் 4, செவ்வாய்

விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் எழுத ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்கள். ‘குடும்பப் பயணம்’ என்று எழுதினேன். முதலாளி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். “பயணம்னா? கல்யாணமா, காரியமா?” இரண்டும் இல்லை, சும்மா படகில் ஒரு தீவுக்கு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு என்றேன். இந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருஷமாகக் கண் பரிசோதனை செய்கிறேன். படகுக்காக யாரும் லீவு கேட்டதில்லையாம்.

என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்கிறார். “மூணு நாள் லீவை ஒரு படகுல கரைக்கணுமா?” எட்டு வயது மகள், எங்கள் வாலு, மட்டும் இப்போதே பையில் சட்டைகளைத் திணித்துவிட்டாள்.

மார்ச் 6, வியாழன்

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? எனக்கு அம்மா என்று இருப்பதே அந்தப் படகில்தான்.

எனக்கு ஆறு வயதில் அம்மா தவறிப்போய்விட்டாள். முகம், போட்டோவில் பார்த்த முகம். குரல் சுத்தமாக இல்லை. ஆனால் எனக்கு நாலு வயதில் தீவுக்குப் போன அந்தப் படகு மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா மடியில் இருக்கிறேன். சொரசொரவென்று ஒரு துண்டால் என் இரண்டு காதையும் மூடித் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருக்கிறாள். காற்று இடது கன்னத்தில் அடிக்கும், விலகும், ‘டக்’ என்று ஒரு சத்தம், திரும்பி வரும். அது வரும்போதெல்லாம் அம்மா என்னை இறுக்கிக்கொள்வாள். “பிடிச்சுக்கோ, அலை வருது.”

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். எங்கே போய்வந்தாலும், சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து பயணத்தைச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு பங்கு. ஒருவர் பங்கில் இன்னொருவர் வாயை வைக்கக்கூடாது. தீவுப் பயணத்தில் அப்பாவுக்கு, பஸ்ஸைத் தவறவிட்ட கதை. அண்ணனுக்கு, ஒற்றைச் செருப்பு தண்ணீரில் போனது. எனக்குக் காற்று. அம்மாவுக்கு, கரையில் இறங்கியதும் தரை ஆடியது.

அம்மா போனபிறகும் வருஷத்துக்கு நாலு தடவையாவது அதைச் சொல்லிவிடுவோம். அவள் முறை வந்ததும் அப்பா, “இது அம்மா பங்கு” என்று நிறுத்துவார். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டோம். பிறகு அடுத்த பங்கு.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனிடம் போனில் சொன்னேன், அந்தத் தீவுக்கு மறுபடியும் போகிறோம் என்று. சிரித்தான்.

“மறுபடியுமா? நீதான் அப்ப வரவே இல்லையே.”

“விளையாடாதண்ணா.”

“உனக்குப் பொன்னுக்கு வீங்கி. ரெண்டு கன்னமும் பன்னு மாதிரி. உன்ன சித்தி வீட்ல விட்டுட்டுப் போனோம். திரும்பி வந்து கதை சொன்னா, எனக்குப் பங்கு இல்லையான்னு உருண்டு புரண்டு அழுத. அப்பாதான் போனாப் போகுதுன்னு காத்த உனக்குக் குடுத்தாரு. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!”

எனக்குத் தெரியாதே. தெரியவே தெரியாதே! முப்பத்தாறு வருஷம் வாய் வலிக்கச் சொன்னேனே, அப்போது ஒருத்தருக்காவது வாயில் வரவில்லையா? — அப்படியானால் துண்டு? மடி? அதுவும் கொடுத்ததா?

மார்ச் 10, திங்கள்

“எது தெளிவா தெரியுது, இதுவா, அதுவா?” என்று கடைக்குக் கண் காட்ட வந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். “ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு” என்றார். எனக்கும் அப்படித்தான் ஐயா.

மார்ச் 14, வெள்ளி

அண்ணன் பழைய ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை அனுப்பினான். படகின் ஓரம். அப்பா. பக்கத்தில் ஒரு காலில் மட்டும் செருப்புடன் அண்ணன். நான் இல்லை. அம்மாவும் இல்லை. “அம்மாதான் எடுத்திருப்பாங்க” என்று எழுதியிருக்கிறான்.

ஆக, அம்மா படகில். நான் சித்தி வீட்டில். அப்படியானால் என் காதைக் கட்டியது யார்? சித்தியைக் கேட்கலாம் என்றால் அவளும் இல்லை.

என்னிடம் இருந்த ஒரே அம்மா, வாயாலே செய்த அம்மாவா?

மார்ச் 23, ஞாயிறு

அப்பாவிடமே போனில் கேட்டுவிட்டேன். “அப்பா, நான் படகுல வந்தேனா, இல்லையா?” அந்தப் பக்கம் இருமல். பிறகு, “இந்தா, உங்க அண்ணி பேசணும்கறா.” அண்ணிக்கு என்னிடம் பேச ஒன்றும் இல்லை. பாவம், வெயிலைப் பற்றிப் பேசினாள்.

ஏப்ரல் 2, புதன்

லீவை ரத்து செய்துவிடலாம் என்று சொன்னேன். போகாத ஊருக்கு இரண்டாவது தடவை எப்படிப் போவது? அப்பா மேல் கோபமாக வருகிறது, பாவமாகவும் இருக்கிறது, எது முந்திக்கொள்கிறது என்றே தெரியவில்லை. சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன்.

இத்தனை நாள் வேண்டாம் என்ற வீட்டுக்காரர் இன்று, “பொய்யா போன எடத்துக்கு நெஜமா ஒரு தடவ போய்ட்டு வந்துடலாமே” என்கிறார். கிண்டலா, கரிசனமா? கேட்டால், “ரெண்டுந்தான்” என்கிறார்.

ஏப்ரல் 26, சனி

தீவில், அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவும் நாங்கள் மூவரும் படகேறினோம். வெட்கத்தை விட்டு, கொண்டுபோன துண்டால் காதைச் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். “பல்வலியாம்மா?” என்றாள் வாலு. கண்ணை மூடினேன். காற்று அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. விலகவில்லை, திரும்பி வரவும் இல்லை. ‘டக்’ இல்லவே இல்லை.

கண்ணைத் திறந்தால் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

“இப்படியேதான் உக்காந்திருந்த. கட்டில்ல.”

“எந்தக் கட்டில்லப்பா?”

“உங்கம்மா வரலம்மா. சித்தி பாத்துக்கறேன்னுதான் சொன்னா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டு, மனசு கேக்காம, உன்ன வீட்டுக்குத் தூக்கிட்டு வர உங்கம்மா திரும்பிட்டா. அவ பின்னாடி போய்ப் பேசினதுலதான் பஸ்ஸே போச்சு. மூணு நாள் கழிச்சு நாங்க வீட்டுக்கு வந்தா, கட்டில்ல அவ மடியில நீ. வீங்கின கன்னத்துக்குத் துண்டு கட்டியிருக்கு. எதிர்ல டேபிள் ஃபேன். அது திரும்புறப்ப ‘டக்’குனு ஒரு சத்தம் போடும். கட்டிலே உங்க ரெண்டு பேருக்கும் படகு. எறங்குடின்னா, கீழ தண்ணின்னு எறங்க மாட்டேங்கற. காத்த நான் குடுக்கலம்மா. நீயே கொண்டுவந்த.”

“அப்ப அம்மா பங்கு? தரை ஆடுச்சுன்னது?”

“மூணு நாள் கட்டில்லயே கெடந்துட்டு எறங்கினா ஆடாதா பின்ன?”

போட்டோவை எடுத்தது படகுக்காரராம். அண்ணன் சின்னப்பையன், அம்மா வாயாலும் கேட்டுக் கேட்டு அவளும் வந்ததாகவே நம்பிவிட்டான்.

“ஏம்ப்பா சொல்லல?”

“உன்னாலதான் அவ வரலன்னு நீ நெனச்சுக்குவியோன்னு... அதுக்கப்புறம் அவ எங்கயுமே போகலையேம்மா.”

துண்டை அவிழ்க்கத் தோன்றவில்லை. என்னால் அம்மா கடலையே பார்க்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் அவள் எனக்கு மட்டும். அழுகிறேனா, சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மே 4, ஞாயிறு

அப்பாவைக் கூட்டிப்போக அண்ணன் வந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தோம். இந்தத் தடவை வாலுவுக்கு, தொப்பி பறந்தது. இவருக்கு வாந்தி. அதைத் தவிர வேறு பங்கு காலியாக இல்லை என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அது முடிந்ததும் பழைய பயணத்துக்கு வந்தோம். அப்பா பஸ்ஸைத் தவறவிட்டார். அண்ணன் செருப்பைத் தண்ணீரில் விட்டான். நான் காற்றைச் சொன்னேன், டேபிள் ஃபேன் என்றே சொன்னேன். அண்ணன் வாயைப் பிளந்தான்.

“இது அம்மா பங்கு” என்று அப்பா வழக்கம்போல நிறுத்தினார்.

“நான் சொல்றேம்ப்பா” என்றேன். “அம்மாகூட இருந்தது நான் மட்டுந்தானே.”

கட்டிலிலிருந்து ஆரம்பித்தேன்.