நல்ல தண்ணீரில் அலசிய மண்

ஆடி, செவ்வாய்

திருச்சுழி ரோட்டு நர்சரியில் கிழிந்த மூட்டை என்று தொட்டிமண் பாதி விலைக்குக் கிடைத்தது. எனக்கு இரண்டு, பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவுக்கு இரண்டு வாங்கினேன். பிரித்தால் முக்கால்வாசி தேங்காய் நார்த்தூள். அதில் உப்பு இருக்கும், மூன்று தடவை அலசிவிட்டு ஆட்டுப் புழுக்கையும் கொஞ்சம் கரிசலும் கலக்கச் சொன்னேன். அக்கா அப்படியே செய்தார். என் கத்தரி மினுமினுக்கிறது. அவருடையது இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது.

இன்று மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "நீ சொன்னபடிதானடி செஞ்சேன். நீயும் போர் தண்ணிலதான அலசுன?"

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் தெரு போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. பாவம், உப்பை உப்பால் அலசியிருக்கிறார். நான் அலசியது வாரத்துக்கு ஒருமுறை குழாயில் வரும் குடிதண்ணீரில். அதை மண்ணுக்குக் கொட்டினேன் என்று இந்த ஊரில் யாரிடம் சொல்வது?

அக்காவின் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. நல்ல தண்ணீர் நாலு குடம் ஊற்றி உப்பை வடித்தால் பிழைத்துக்கொள்ளும், சந்தேகமே இல்லை. காலையில் நானே தூக்கிக்கொண்டு போவேன். குடத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிடும்.

அவர் வீட்டு மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் நானே சொல்லிவிட வேண்டும்.