ஊடு சேர்க்காத வண்டி

8 ஜனவரி 1979, திங்கள்

இன்றைக்கும் வேனைக் கழுவியதிலேயே காலைப் பொழுது போயிற்று. நேற்று சேலம் பெரியாஸ்பத்திரியில் இருந்து ஒரு பெரியவரின் பிரேதத்தை மோகனூர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். டிரைவர் கரீம் பாஷா டெட்டால் ஊற்றித் தேய்த்தார். நான் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன்.

"டெட்டால் கிருமிக்குங்க கம்பவுண்டரே, மஞ்சத்தண்ணி மாமியாளுங்களுக்கு" என்றார் பாய். பம்பாய்க்கு லாரி ஓட்டிச் சலித்துப்போய் இங்கே வந்தவர். நான் கம்பவுண்டர் இல்லை, நோயாளிக்குத் துணை போகிற ஆள்தான் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

நாமக்கல் லாரிக்காரர்கள் சேர்ந்து ஊருக்குத் தர்மமாக விட்டிருக்கும் வேன் இது. போன் வந்தால் ஓட வேண்டும். வருகிற போனில் பாதிக்கு மேல் பிணம் எடுக்கத்தான். இதற்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதலுதவி வகுப்புக்குப் போய்வருகிறேன்? செத்தவனுக்கு எந்த எலும்பில் கட்டுப் போடுவது?

21 ஜனவரி, ஞாயிறு

சேலத்தில் வகுப்பு. முறிந்த காலை நேராக்க முயலாதே, கிடந்தபடியே கட்டு என்றார் டாக்டர். மூங்கில் பட்டை, மடித்த செய்தித்தாள், குடை, எது கிடைத்தாலும் சரி. நோயாளியாகப் படுக்க ஆள் வேண்டும் என்றதும் பாய் போய்ப் படுத்தார். நான் தொடையில் இருந்து கணுக்கால் வரை கட்டி முடிப்பதற்குள் குறட்டை விட்டுவிட்டார். "வலி இல்லாமல் கட்டியிருக்கிறீர்கள்" என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பும்போது மல்லூர் அருகே ஒரு சைக்கிள்காரரை ஏதோ வண்டி தட்டிவிட்டுப் போயிருந்தது. மல்லாக்கக் கிடக்கிறார், நினைவு இல்லை. கூட்டம் அவர் வாயில் சோடா ஊற்றுகிறது! காலையில்தான் டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டார், நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றாதே, நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று. கத்தினேன்.

"தாகத்தோட போயிட்டார்னா ஆருங்க பொறுப்பு? நீங்களா?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் இருந்த ரத்தத்தையும் சோடாவையும் விரலால் வழித்தெடுத்தேன். மூச்சு சீரானது. சேலத்துக்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். எப்படிக் கத்துவது என்று மட்டும் வகுப்பில் சொல்லித்தரவில்லை. அது எனக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

14 பிப்ரவரி, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டாலும் நெஞ்சு ஆறாது.

வெண்ணந்தூருக்கு அப்பால் ஒரு தறிக்காரர் வீடு. பாவாயி என்று பெயர், தலைப்பிரசவம். குழந்தை நன்றாகப் பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. ஊர் மருத்துவச்சியே பயந்து போன் பண்ணச் சொல்லியிருக்கிறாள். பாய் பறந்தார். போய்ப் பார்த்தால் அந்தப் பெண்ணின் உதடு வெளுத்துக் கிடக்கிறது. கால்மாட்டில் தலையணை கொடுத்து உயர்த்தினேன், நாடி பார்த்தேன், ஸ்ட்ரெச்சரை எடுத்தேன். வாசலில் மாமியார் மறித்துக்கொண்டாள்.

"முந்தாநேத்து எங்க பங்காளி பொணத்த இதே வண்டியிலதானே கொண்டாந்தீங்க? அதே பலகையில பச்ச ஒடம்புக்காரியப் படுக்கவெப்பீங்களா? வேண்டாமுங்க சாமி. பொண வண்டி வேண்டவே வேண்டாமுங்க."

கழுவிவிட்டோம் என்றேன். மஞ்சள் தெளித்தோம் என்றேன். கெஞ்சினேன், பிறகு வழக்கம்போல் கத்தினேன். நான் கத்தியதில் அவள் பிடிவாதம் இன்னும் இறுகிப்போனது. ஏன்டா கத்தினாய்? மாட்டு வண்டி பூட்டினார்கள். வைக்கோல் போட்டு, அதன்மேல் பாவாயியைப் படுக்கவைத்து ராசிபுரத்துக்குக் கிளம்பினார்கள். அந்த மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே நாங்கள் காலி வேனில் போனோம். ஆக்ஸிஜன் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, நான் இருக்கிறேன். ஆள் மட்டும் முன்னால் மாட்டு வண்டியில் போகிறாள். பாய் ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை.

ஊர் எல்லை வருவதற்குள் அழுகைச் சத்தம் கேட்டது.

வண்டியை நிறுத்தி அந்த மாமியாரே இறங்கி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர். "இனி உங்க வண்டியிலயே கொண்டாந்து ஊடு சேர்த்திருங்க சாமி" என்றாள்.

கொண்டுபோய்ச் சேர்த்தோம். போகும்போது ஏறாத வண்டியில் திரும்பும்போது ஏறினாள் பாவாயி.

15 பிப்ரவரி

அந்தக் குழந்தைக்கு யார் பால் கொடுப்பார்கள்?

4 மார்ச், ஞாயிறு

வேன் கமிட்டிக் கூட்டம். தலைவர் செங்கோட்டையன் முன்னால் நின்று சொல்லிவிட்டேன். இனி இந்த வண்டியில் பிணம் ஏறக்கூடாது. பிழைக்கமாட்டார் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறவர்களையும் ஏற்றக்கூடாது. போன மாதம் அப்படி ஒரு கிழவரை ஏற்றி, அவர் வழியில் புதன்சந்தையிலேயே முடிந்துபோய், கடைசியில் அதுவும் பிணமாகத்தான் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வண்டி. வழியில் உயிர் போனாலும் வண்டி ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்கும். அங்கே டாக்டர் சொல்ல வேண்டும்.

"பொணத்த ஊடு சேர்க்கறதும் தருமந்தானுங்க மருதாசலம்" என்றார் தலைவர். "இல்லாதவன் எங்க போவான்?"

"அதுக்கு லாரி இருக்குதுங்க. இந்த ஊர்ல லாரிக்கா பஞ்சம்? புள்ள பெத்தவளுக்கு இது ஒண்ணுதானுங்க இருக்குது."

நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டு, போகும்போது தலைவர் என் தோளைத் தொட்டார். "சட்டம் போடறது சுலுவுங்க. வாசல்ல வந்து அழுவாங்க பாருங்க, அப்பத் தெரியும்."

தெரியட்டும்.

22 ஜூன்

தெரிந்தது.

நாச்சிமுத்து என்று ஆட்டையாம்பட்டி தறிக்காரர். தகப்பனாரை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். எங்கள் வேனைப் பெரியாஸ்பத்திரி வாசலில் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "உசுரோட ஊடு சேரோணுமுங்க. வெளிய போயிட்டா வாசப்படி தாண்ட உடமாட்டாங்க. தெருவுலயே வெச்சு எடுத்துருவாங்க. உங்க கால்ல உளுந்து கேக்கறனுங்க."

இந்தப் பக்கத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? வெளியில் பிரிந்த உயிரின் உடலை வீட்டுக்குள் எடுத்துப் போவதில்லை. மூச்சு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கொண்டுபோக வேண்டும் என்றுதான் எல்லோரும் தவிக்கிறார்கள்.

முடியாது என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு கத்துக் கத்தி ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செரிங்க, நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பாய் இன்று முழுக்க என்னைக் கம்பவுண்டரே என்று கூப்பிடவில்லை.

10 அக்டோபர்

பரமத்தியில் ஒரு கர்ப்பிணி தானாக நடந்து வந்து ஏறினாள்! கையில் வேப்பிலைக் கொத்து. இருக்கட்டும், ஏறினாளே. பாய் நாமக்கல் வரும்வரை பாடிக்கொண்டே வந்தார். சகிக்கவில்லை.

2 மார்ச் 1980

போன மாதம் வந்த போன்களில் பிணம் எடுக்கக் கேட்டு ஒன்றுகூட இல்லை. ஊருக்குத் தெரிந்துவிட்டது போலும்.

17 மே 1981

அய்யன் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தபோது சாய்ந்துவிட்டார். எங்கள் ஊரான பரமத்தி வேலூர் ரைஸ்மில்லில் இருந்து போன். நாங்கள்தான் போனோம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். என்னைப் பெற்ற தகப்பனின் வாயில் விரல் விட்டு எச்சில் வழித்தேன். வேறு யாரையோ தொடுவதுபோலவே இருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது. சேலத்தில் சேர்த்திருக்கிறோம். அம்மா கூடவே இருக்கிறாள்.

26 மே

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இந்த வார்த்தையை எத்தனை பேருக்கு அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வெளியே வந்தால் வாசலில் எங்கள் வேன். காலையில் யாரையோ கொண்டுவந்து விட்டுவிட்டு பாய் எனக்காகக் காத்திருந்தார். அம்மா அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "நல்லவேளடா, உன்ற வண்டியே நிக்குது. உங்கய்யன உசுரோட கொண்டுபோயிறலாம்."

நான் அய்யன் கட்டிலுக்குத் திரும்பினேன்.

பாய் தலைவருக்கே போன் போட்டுவிட்டார். "மருதாசலத்து அய்யனுக்கு இல்லாத வண்டியா, ஏத்திட்டு வரச் சொல்லு" என்றாராம் தலைவர். ஏற்றியிருக்கலாம். யாரும் கேட்கமாட்டார்கள். நாச்சிமுத்துவுக்கு எப்படித் தெரியப்போகிறது?

அய்யன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தேன். இழுத்து இழுத்து வாங்குகிறது, பிறகு நின்றுவிடுகிறது, மறுபடி வாங்குகிறது. அந்த இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். இந்தப் படிப்பைப் படிக்காமலே இருந்திருக்கலாம். வேலூர் தொலைவு. வேனில் முடிந்துவிட்டால் மறுநாள் பரமத்திக்காரி ஏறமாட்டாள்.

"லாரி பாருங்க பாய்" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "சிலிண்டரையாச்சும் கழட்டித் தரட்டுங்களா?"

"இருக்கறது ஒண்ணுதானுங்க. அது வேன்லயே இருக்கட்டும்."

செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ப் பழைய சிநேகிதர் ஒருவரின் ஜவ்வரிசி லாரியைப் பிடித்து வந்தார். வைக்கோல் பரப்பி ஜமக்காளம் விரித்து அய்யனைக் கிடத்தினோம். அம்மா ஏறி உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் பாய் காலி வேனை ஓட்டி வந்தார். அன்றைக்கு அந்த மாட்டு வண்டிக்குப் பின்னால் போனதுபோலவே.

புதுச்சத்திரம் தாண்டி மூச்சு வாங்கி நின்றது. காத்திருந்தேன். மறுபடி வாங்கவில்லை.

27 மே

களத்து மேட்டில் பந்தல் போட்டார்கள். அய்யன் தன் கையால் கல் சுமந்து கட்டிய ஊடு, அதற்குள் அவரே போகவில்லை. சாணி மெழுகின தரையில், வெயிலில், விருந்தாளி மாதிரி வெளியவே கெடந்தார்.

எல்லோர் முன்னாலும் அம்மா கேட்டாள்: "அந்த வாசப்படி அவரு வெச்சதுடா. உன்ற வண்டியில ஏத்தியிருந்தா தாண்டியிருப்பாரில்ல?"

விடுங்கம்மா என்று அவளைத் தடுத்தவர்கள் யாரும் இல்லை.

29 மே

தாண்டியிருப்பாரா? வேன் லாரியைவிட வேகம். ஆக்ஸிஜன் இருந்தது. தாண்டியிருக்கலாம். தாண்டியிருக்கலாம்ங்கறதுதான் உண்மை. இத இங்க எழுதாம எங்க போயி எழுதறது? ஆருகிட்டப் போயிச் சொல்றது?

11 ஜூன்

வேலைக்குப் போய்விட்டேன். பாய் சோறு கொண்டுவந்திருந்தார், அவர் வீட்டம்மா வஹீதுன்னிசா கொடுத்தனுப்பியது. "நீங்க செஞ்சது செரியா தப்பான்னு எனக்குத் தெரியாதுங்க கம்பவுண்டரே. என்னால ஆகியிருக்காது" என்றார்.

19 ஆகஸ்ட்

ஊருக்குப் போனேன். அம்மா சோறு போட்டாள். போதுமா என்றுகூடக் கேட்கவில்லை. தங்கை சௌந்திரத்திடம், "உங்கண்ணனுக்குத் தண்ணி வையி" என்கிறாள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

14 ஜனவரி 1982

பொங்கல். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. சௌந்திரம் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கால் வீங்கியிருக்கிறது. உப்பைக் குறை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

3 பிப்ரவரி

காலையில் ரைஸ்மில்லில் இருந்து போன். சௌந்திரத்துக்கு இடுப்பு வலி வந்து, கூடவே வலிப்பும் வந்துவிட்டதாம். பாய் எப்படி ஓட்டினார் என்று தெரியாது. வேலூர் வந்துவிட்டது.

நாங்கள் போகும்போது வலிப்பு நின்று, நினைவு பாதியில் இருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வாசல் வந்தால், பிரசவத்துக்கென்று வந்திருந்த சௌந்திரத்தின் மாமியார் குறுக்கே நிற்கிறாள்.

"சம்பந்தியம்மா, கோவிச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரி வண்டின்னா பொணம் போற வண்டின்னுதானே சொல்லுவாங்க? எங்க ஊர்ல இருந்து டாக்சி சொல்லியுட்டிருக்குதுங்க. சித்த நேரம் பொறுத்தா..."

வெண்ணந்தூர் வாசல்தான் கண்முன் நின்றது. கத்தக்கூடாது, கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா உள்ளே இருந்து துணி மூட்டையோடு வந்தாள். மாமியார் கையைப் பிடித்து ஓரமாக விலக்கினாள்.

"எங்கூட்டுக்காரரு உசுரு இழுத்துட்டுக் கெடந்தப்பவே ஏத்தமாட்டேன்னு சொன்ன வண்டிங்க இது. பெத்த அய்யனையே ஏத்தாதவன், இதுல பொணத்தையா ஏத்தியிருப்பான்? தள்ளுங்க. புள்ளயக் கொண்டுபோகோணும்."

சொல்லிவிட்டு, ஸ்ட்ரெச்சர் ஏறுவதற்கு முன்னால் தானே முதலில் ஏறி உள்ளே உட்கார்ந்தாள். மாமியாரும் ஏறினாள்.

பரமத்தி வரை நான் சௌந்திரத்தின் முகத்தில் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு தலை நிமிரவே இல்லை. அம்மா என் முழங்காலைத் தொட்டாள்.

"இன்னும் வெரசலாப் போகச் சொல்லு கண்ணு" என்றாள். என்னிடம்தான்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாய்க்கு இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கண் திறந்து என்னை அண்ணா என்று கூப்பிட்டாள்.

காலையில் வேனைக் கழுவ வேண்டும். டெட்டால் மட்டும் போதும்.