தாடியனுக்குக் கத்தரிக்கோல் ஆகாது

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

திங்கட்கிழமை தொலைபேசியில், "தாடியனக் குடுத்தாச்சா?" என்று கேட்டீர்கள். "ஓம்" என்றேன். அப்போது அவன் என் காலடியில் படுத்திருந்தான் என்பதைச் சொல்லவில்லை.

உம்மாவுக்குக் கஷ்டம் என்றுதானே கொடுக்கச் சொன்னீர்கள். கஷ்டம்தான். வயலில் பன்றி விரட்ட வாங்கிய நாய், நீங்கள் கட்டார் போனதும் வீட்டு வளவுக்கு வந்துவிட்டது. தண்ணீர் குடித்ததும் தாடியை உதறுவான். அவன் எச்சில் பட்ட இடத்தை மார்க்கப்படி ஏழு தரம் கழுவுகிறோம், அதில் ஒரு தரம் மண் கலந்து. உம்மா ஏசிக்கொண்டேதான் தண்ணீர் ஊற்றுவார்.

நீங்கள் காட்டித் தந்தபடி, அவனுடைய கம்பி முடியில் செத்ததை மட்டும் விரலால் பிடுங்குகிறேன். சுகமாகக் கண்ணை மூடிக்கொள்வான். தெருவில் உங்களுடையது போல மோட்டார் சைக்கிள் போனால் நாங்கள் இரண்டு பேருமே தலையை நிமிர்த்துகிறோம்.

நீங்கள் சொல்லிவைத்த வீரமுனைக் கிசோக், தாடியனைக் கொண்டுபோக வியாழக்கிழமை ஓட்டோவில் வந்தான்.

"என்ன அக்கா, இப்பிடிச் சடையா இருக்கான்! கத்தரிக்கோலால ஒட்ட வெட்டி விடுறன்."

அடுக்களையிலிருந்து உம்மா ஓடி வந்தார்.

"கத்தரிக்கோல் வெக்கக் கூடாது தம்பி! வெட்டினா முடி பஞ்சு மாதிரி ஆகிரும், மழத்தண்ணி தோலுக்கு இறங்கும். விரலாலதான் புடுங்கணும்."

"அப்ப நீங்களும் ஓட்டோவில ஏறுங்க, உம்மா."

"வாய்க்காரன்! நீ போ மனே. மருமகன் வந்து முடிவு செல்லட்டும்."

கிசோக் வெறும் ஓட்டோவோடு திரும்பிப் போனான். தாடியன் இங்கேதான் இருக்கிறான்.

பொய் சொன்னதற்கு மன்னிப்புடன்,
உங்கள் மனைவி