மேலத்தெருவுக்குக் கொடுத்த புறா

என் புறாக்கார மாமாவுக்கு,

அங்கேயும் கூண்டு கட்டி, யார் தலையிலாவது எச்சம் விழவைத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். இருங்கள். இங்கே ஒரு புறாவால் வம்பு வந்திருக்கிறது. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

நீங்கள் கண்ணை மூடியபிறகு வந்த பண்டிகையில், சாமி ஊர்வலம் எந்தப் பக்கம் திரும்புவது என்று நம் தெருவும் மேலத்தெருவும் கல்லெறிந்துகொண்டன. அதிலிருந்து நடுவில் இருக்கும் பென்னாகரம் ரோட்டை யாரும் தாண்டுவதில்லை. பால் ஊற்றக்கூட சுற்றிக்கொண்டுதான் போகிறோம்.

அரூரிலிருந்து ஓவியம் படித்த ஒரு பெண் வந்தாள். உங்கள் ஹோமர் புறாக்கள் எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். "அக்கா, இதுங்க குஞ்சுகளை மேலத்தெருவுல வளக்கக் குடுங்க. எதைப் பாத்தா வூடு வந்துட்டோம்னு தோணுதோ, அதை ரெண்டு தெருக்காரங்களும் துணியில வரையட்டும். நீங்க வரைஞ்சதை அவங்க கூண்டு மேல கட்டுவோம், அவங்க வரைஞ்சதை உங்க கூண்டு மேல கட்டுவோம். அப்புறம் ஒகேனக்கல்ல இருந்து எல்லாத்தையும் ஒண்ணாப் பறக்கவுடுவோம்" என்றாள்.

கிறுக்குப் பெண் என்று நினைத்தேன். ஆனால் வரைந்தோம் மாமா. நான் தண்ணீர் டேங்கை வரைந்தேன், அது அண்டா மாதிரி வந்தது. உங்கள் தம்பி குமார் டவுன் பஸ்ஸை வரைந்தான், சக்கரம் போட மறந்துவிட்டான். எத்தனையோ நாளைக்கப்புறம் தெருவே சிரித்தது.

குஞ்சு கொடுத்ததில்தான் கோளாறு. வெளியே வந்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்ட குஞ்சு வேறு வீட்டில் தங்காது என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்வீர்களே? மேலத்தெரு மாதம்மாளுக்கு அந்தப் பெண் மூலம் நான் கொடுத்த பெட்டைக்குஞ்சு அதற்கு முன்பே நம் ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறது. லட்சணமாக இருக்கிறதே என்று கொடுத்துத் தொலைத்தேன். மாதம்மாளின் மகன் மண்டையை உடைத்த கல் நம் தெருவிலிருந்து போனது. இப்போது அவன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான். அவள் தனியாக இருக்கிறாள்.

குஞ்சுகள் வளர்ந்து, இன்று காலை ஒகேனக்கல்லிலிருந்து பறக்கவிட்டார்கள். மற்றவை எல்லாம் வளர்ந்த கூண்டுக்குப் போயின. அந்தப் பெட்டை மட்டும் நேராக நம் கூண்டில் வந்து இறங்கியது.

குமார் குதித்தான். "வந்து எறங்கின புறா எறங்கின வூட்டுக்குத்தான் சொந்தம் அண்ணி. அண்ணன் வெச்ச வழக்கம்தானே? கேக்க வரட்டும், பாத்துக்கலாம்." தெரு ஆட்கள் அவன் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஒரு புறாவுக்காக இன்னொரு மண்டை உடைய வேண்டுமா?

"உங்கண்ணன் வெச்ச வழக்கத்தை அவரு பொண்டாட்டி மாத்தக்கூடாதா? நவுரு, வழியவுடு" என்றேன். வாய்தான் அப்படிப் பேசியது. புறாவை முந்தானையில் மூடிக்கொண்டு ரோட்டைத் தாண்டும்போது அடித்தது என் நெஞ்சா, புறாவின் நெஞ்சா என்றே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் மேலத்தெருவில் ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

மாதம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், காலில் செருப்போடு.

"உங்க வூட்டுக்குத்தாங்க கெளம்புனேன். புறாவக் கேட்டா அடிச்சுப்புடுவாங்களோன்னு பயம். காலே வரலீங்க. அப்பலேருந்து இப்படியே உக்காந்திருக்கறேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். டீ போட்டுக் கொடுத்தாள். கிளம்பும்போது, "மறுபடியும் அங்க வந்துட்டா நீங்க வரவேணாங்க. நானே வர்றேன்" என்றாள்.

வந்துவிட்டது மாமா. தீனி வைக்கக் கூண்டைத் திறந்தாளோ என்னவோ, பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டது. மேலத்தெருக்காரர்கள் வரைந்த துணியின் மேல் உட்கார்ந்து இறக்கையைக் கோதிக்கொண்டிருக்கிறது. தெருமுனையில் குமாரும் மற்றவர்களும் நிற்கிறார்கள். அவள் வரும்போது எவனாவது ஒரு வார்த்தை விட்டால்? எவனாவது குனிந்து கல்லை எடுத்தால்?

உங்கள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அவளை நம் தெருவில் தனியாக நடக்கவிட மாட்டேன். வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தபடியேதான் இதை எழுதுகிறேன். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் அத்தை மகள்,
செல்வி